சிறுநீர் அடைத்த பூனைக்கு ரத்த அழுத்தம் ஏன் இறங்குகிறது?

ரத்தம் நாளங்களின் சுவரை அழுத்தும் விசையே ரத்த அழுத்தம். பூனைக்கு மேல் அளவு பொதுவாக 120–140. 90க்குக் கீழே போனால் ஆபத்து.

ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகலானது. மணல் போன்ற படிகமோ சளிக்கட்டியோ போதும், அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கி, இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்தூண்டலை மந்தமாக்குகிறது. நிமிடத்துக்கு 180, 200 என்று துடிக்க வேண்டியது 120க்கும் கீழே இறங்கலாம். வாந்தியால் நீர்ச்சத்தும் போயிருக்கும். வோல்டேஜ் இல்லாத மோட்டார், பாதி காலியான தொட்டி. மாடிக் குழாயில் தண்ணீர் எப்படி வரும்?

மணல்தட்டில் முக்கியும் சொட்டுகூட வராமல், காதும் பாதமும் சில்லிட்டிருந்தால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது. ஈசிஜி மோசமாக இருந்தால் மருத்துவர் முதலில் கால்சியம் குளுக்கோனேட்டை ரத்த நாளத்தில் மெதுவாக, 5–10 நிமிடத்தில் ஏற்றுவார். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. ஏறக்குறைய அரை மணி நேரம் இதயத்தைக் காக்கும், அவ்வளவுதான். அதற்குள் அடைப்பை எடுக்கும் வேலை நகர வேண்டும்.

‘மூத்திரம் போகாதபோது டிரிப்ஸ் ஏற்றினால் பை வெடித்துவிடும்’ என்று பலர் தடுக்கிறார்கள். உண்மையில் டிரிப்ஸ்தான் விழுந்த அழுத்தத்தைத் தூக்கி, பொட்டாசியத்தின் அடர்த்தியையும் குறைக்கிறது.