டெய்லர் கடையும் திருவருகைக் காலமும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நாங்கள் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. சபை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஸ்டார் கட்டியதும் துணிக்கடை, கேக் ஆர்டர், பலகாரம், கேரல் ரவுண்ட்ஸ், ஆபீசில் சீக்ரெட் சாண்டா என்று மாதமே ஓடிவிடுகிறது. போன வருஷம் 24-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு, பிளவுஸ் இன்னும் தைக்கவில்லை என்று டெய்லர் கடையில் நின்று சத்தம் போட்டேன். அதிகாலை ஆராதனையில் பிரசங்கம் ஒரு வார்த்தைகூட மனதில் நிற்கவில்லை. ‘ஆயத்தப்படுங்கள்’ என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறார். நாங்கள் என்னதான் செய்வது? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றால் பிள்ளைகள் முகம் வாடுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். பிள்ளைகளின் புதுத்துணியைப் பறித்துவிட்டு அதற்கு ஆவிக்குரிய பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. டெய்லர் கடை விஷயத்தை வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தான் திருவருகைக் காலம். அந்த ஞாயிறுகளின் வேதவாசிப்பில் யோவான் ஸ்நானகன் தவறாமல் வந்துவிடுவார். லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் அவரிடம் உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இரண்டு அங்கி இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும், சாப்பாடு இருப்பவனும் அப்படியே செய்யட்டும் என்கிறார். வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். போர்ச்சேவகரிடம், மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு என்கிறார். துணி, சாப்பாடு, வரி, சம்பளம்! வனாந்தரத்திலிருந்து வந்த தீர்க்கதரிசி பேசியது முழுக்கக் கடைத்தெரு விஷயம்.

டிசம்பர் மூன்றாம் வாரம் ஒரு தையற்கடைக்குள் எட்டிப் பாருங்கள். பில் குத்திய துணிப்பைகள் பெஞ்சு கொள்ளாமல் தரைக்கு வந்திருக்கும். காஜா எடுக்கிற பையன் உட்கார்ந்தபடியே தூங்குவான். நடுராத்திரி தாண்டியும் மிஷின் ஓடும். அந்த டெய்லர் பெரும்பாலும் நம் சபைக்காரராகவே இருப்பார். நாம் பத்தாம் தேதி துணியைக் கொடுத்துவிட்டு இருபதாம் தேதி கேட்கிறோம். அவருக்கும் ஒரு திருவருகைக் காலம் வேண்டாமா? இந்த வருஷம் நவம்பர் நடுவிலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். தையல்கூலியில் பேரம் வேண்டாம். வீட்டு வேலைக்கு வருகிறவருக்குக் கிறிஸ்துமஸ் பணத்தைத் திருவருகையின் முதல் ஞாயிற்றுக்குள் கொடுங்கள். 24-ஆம் தேதி சாயங்காலம் கொடுத்தால் அவர் எப்போது கடைக்குப் போவார், பிள்ளைக்கு எப்போது சட்டை எடுப்பார்?

ஒரு காலத்தில் இது நோன்பு மாதம். ஆறாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சில், புனித மார்ட்டின் நாளான நவம்பர் 11 தொடங்கி கிறிஸ்துமஸ்வரை வாரத்துக்கு மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தவர் என்று சபை நினைவுகூரும் அதே மார்ட்டின்தான். பக்கத்துக் கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பை இன்றும் விடவில்லை. மீனும் இறைச்சியும் தொடமாட்டார்கள். நம் வீடுகளிலோ விருந்து முதல் வாரமே தொடங்கி 25 மத்தியானம் பிரியாணியோடு தீர்ந்துபோகிறது. சபை நாட்காட்டிப்படி பண்டிகை தொடங்குவதே அன்றைக்குத்தான், ஜனவரி 6 வரை நாள் இருக்கிறது. கேக் கொடுப்பதையும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போவதையும் 26-க்கு மேல் தள்ளிப் பாருங்கள். பாதி ஓட்டம் குறைந்துவிடும்.

திருவருகை ஞாயிறுகளில் ஏற்றும் மெழுகுவர்த்தி வளையம் இப்போது ரெடிமேடாக விற்கிறது. வாங்க வேண்டாம். 1839-இல் ஹாம்பர்க் நகரத்தில் யோஹான் விக்கெர்ன் என்பவர் தாம் நடத்திய இல்லத்து ஏழைப் பிள்ளைகளுக்காக முதலில் செய்தபோது ஒரு பழைய வண்டிச்சக்கரத்தில்தான் வர்த்திகளை வைத்தார். உங்களுக்கு ஒரு தாம்பாளமும் நான்கு மெழுகுவர்த்தியும் போதும். வாரம் ஒன்று கூட்டி ஏற்றிக் குடும்ப ஜெபம் பண்ணுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். புதுத்துணி வந்த அன்றே பீரோவைத் திறந்து தங்கள் உடுப்பில் ஒன்றை எடுத்து வைக்கட்டும். கிழிந்தது, சின்னதாகிப்போனது எல்லாம் கணக்கில் சேராது; இன்னும் அளவாக இருப்பது, அவர்களுக்குப் பிடித்தது. யாருக்கு என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். எடுக்கும்போது தயங்குவார்கள். அவசரப்படுத்தாதீர்கள், நான்கு வாரம் இருக்கிறது.