தீப்பெட்டிக்குள் இருந்த பொன்வண்டு: வண்டுகள் பற்றிக் கேள்வி பதில்

சிறுவயதில் தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தோம். என் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. அழிந்துவிட்டதா ஐயா? (பென்னாகரம்)

அழிந்துவிடவில்லை. ஆனால் அதற்கு இரண்டு வீடுகள் வேண்டும். புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்கிறது. மழைக்குப் பின் வண்டாகி மேலே வந்ததும் இலை தேடுகிறது. வேலி மரங்களைப் பெயர்த்துவிட்டுக் கம்பி வேலி போட்டால் இரண்டு வீடுகளும் ஒரே நாளில் போய்விடுகின்றன. உங்கள் நினைவை நான் மதிக்கிறேன். ஆனால், மழை பொய்த்த ஓர் ஆண்டில் வண்டு குறைவதும், முப்பது ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டே போவதும் ஒன்றல்ல. பிரித்தறிய எண்ணிக்கை வேண்டும். ஜெர்மனியில் கிரெஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் 1989 முதல் 2016 வரை 63 இயற்கைக் காப்பிடங்களில் ஒரே வகைப் பொறி வைத்து, விழுந்த பூச்சிகளை எடைபோட்டார்கள். பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதுவும் காப்பிடங்களுக்குள்ளேயே! 2017-இல் அந்த ஆய்வு வெளியானபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

காலையில் மாடு போட்ட சாணி முன்பெல்லாம் மாலைக்குள் துளைபட்டுப் பொடியாகிவிடும். இப்போது வறட்டி போலக் காய்ந்து கிடக்கிறதே? (அஞ்செட்டி)

சாணி வண்டு வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சில வண்டுகள் உருட்டிக்கொண்டு போகும், சில நேர்கீழே குழி தோண்டிப் புதைக்கும், சில சாணிக்குள்ளேயே குடியிருக்கும். மூன்றும் சேர்ந்தால் உரம் மண்ணுக்குள் போகும். ஈ முட்டையிட இடம் குறையும். ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணத்தைக் கையாளத் தெரிந்த வண்டுகள் போதாமல், 1968 முதல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நாம் இருப்பதைக் காப்பாற்றினாலே போதும்.

குடற்புழு நீக்க ஐவர்மெக்டின் போடுகிறீர்களா என்று பாருங்கள். அந்த மருந்து சாணியோடு வெளியேறி வண்டின் புழுக்களைக் கொல்லும். சாணியைச் சோதித்து, தேவையான மாட்டுக்கு மட்டும் போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். வண்டுகள் பெருகும் மழைக்காலத் தொடக்கத்தில் மந்தை முழுவதற்கும் போடாதீர்கள்.

கத்தரியில் பொறிவண்டு இலையைச் சுரண்டுகிறது. நன்மை செய்யும் பூச்சி என்றார்களே? (பாலக்கோடு)

மேலே மெல்லிய மயிர் படர்ந்து, பளபளப்பின்றி, நிறையப் புள்ளிகளோடு இருந்தால் அது இலை தின்னி. கையால் பொறுக்கலாம். பளபளப்பானது, செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் நண்பன். முதலைக்குட்டி போல ஊரும் அதன் புழுவைப் பகை என்று எண்ணி மருந்தடித்துவிடாதீர்கள், அம்மா. அதுவும் அசுவினியை ஏராளமாகத் தின்னும்.

பார்த்தீனியத்தைத் தின்னும் வண்டு நம் ஊருடையதா? (ஓசூர்)

மெக்சிகோவுடையது. 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். அங்கிருந்து உங்களுக்குத் தொலைவில்லையே.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வண்டுகளைக் கணக்கெடுக்க முடியுமா? (ஊத்தங்கரை)

கட்டாயம் முடியும். ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பிந்தைய அதே வாரத்தில், மருந்து போடாத மாட்டின் புதுச் சாணியை ஒரே அளவில் வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கிளறி, வந்த வண்டுகளை எண்ணிவிட்டு விட்டுவிடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பெரியது, சிறியது, உருட்டுவது எனப் பிரிக்கலாம். மழையளவையும் எழுதுங்கள். ஒன்றும் வராத நாளில் சுழியம் என்று கட்டாயம் எழுத வேண்டும். பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மாற்றலாகிப் போகும்போது குறிப்பேட்டை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.