381654729: ஒன்பது இலக்கம், ஒரே விடை

ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்துக் கணக்கு வகுப்பு. கரும்பலகையில் 381654729 என்று எழுதிவிட்டுக் கேள்விகளுக்காகக் காத்திருந்தேன். பிள்ளைகளை அழைத்துவந்த பெரியவர்கள்தாம் அதிகம் கேட்டார்கள்.

ஆறாம் ஆண்டு மாணவி: ஐயா, இந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வருகிறது, பார்த்தாயா அம்மா? இடப்பக்கமிருந்து இரண்டு இலக்கம் எடுத்தால் 38, 2-ஆல் வகுபடும். மூன்று எடுத்தால் 381, 3-ஆல் வகுபடும். 3816 நான்கால். இப்படியே ஒன்பது வரை போகலாம். ஏழில்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள்: 3816547 = 7 × 545221. இந்தக் குணம் உள்ள அடுக்கு வேறு கிடையாது.

செம்பனைத் தோட்டக் கிராணி: ஒன்பது இலக்கங்களை 362,880 விதமாக அடுக்கலாமே. கணினி இல்லாமல் எப்படிச் சார்?

பென்சில் போதும். ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறெதுவும் நிற்காது. 0 இங்கே இல்லை. 2, 4, 6, 8-ஆம் இடங்களில் இரட்டைப்படை எண்கள்தாம் வரும். அப்படியானால் மற்றவை ஒற்றைப்படை. நான்காம் இடத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒற்றைப்படை எண் நிற்பதால், 4-ஆல் வகுபட அங்கே 2 அல்லது 6 வரவேண்டும். எட்டாம் இடத்துக்கும் இதே கதை. 4-உம் 8-உம் இரண்டாம், ஆறாம் இடங்களுக்குப் போய்விடும்.

அடுத்து, முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் முதல் ஆறின் கூட்டுத்தொகையும் 3-இன் மடங்குகள். ஆகவே நடுவில் உள்ள மூன்றின் கூட்டுத்தொகையும் அப்படியே. நடுவில் 258 அல்லது 654 மட்டுமே பொருந்தும்! மூன்றையும் எட்டையும் வைத்து இன்னும் சலித்தால் மிஞ்சுவது 10 எண்கள். 987654321-உம் அதில் ஒன்று. அந்தப் பத்தையும் ஏழிடம் அனுப்புங்கள். ஒன்பதைத் திருப்பி அனுப்பிவிடும். ஏழு அப்படித்தான், எவரிடமும் சலுகை காட்டாது.

மாணவியின் அண்ணன்: இது பகா எண்ணா?

இல்லை தம்பி. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எப்படிக் கலைத்துப் போட்டாலும் 9-ஆல் வகுபட்டே தீரும்.

லாரி ஓட்டும் அண்ணன்: வாத்தியாரே, நான்கு இலக்க லாட்டரியில் 3816-ஐ இந்த வாரம் நம்பர் எடுக்கலாமா?

கனவில் வந்த எண்ணோ, கணக்கில் வந்த எண்ணோ, முதல் பரிசுக்கு வாய்ப்பு 10,000-இல் 1தான் அண்ணன். அந்த இரண்டு வெள்ளிக்குத் தே தாரேக் குடியுங்கள்.

மாணவி, மறுபடியும்: இதைவிடப் பெரியது இருக்கிறதா ஐயா?

கடைசியில் 0 சேர். 3816547290 பத்தால் வகுபடும். ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரலாம் என்று விட்டுவிட்டால் 25 இலக்கம் வரை போகலாம்: 3608528850368400786036725. அதன் வாலில் 0 முதல் 9 வரை எதை ஒட்டினாலும் 26-ஆல் வகுபடாது. நம்பாவிட்டால் வீட்டில் பத்தையும் வகுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு மீதிகளை எழுதிக்கொண்டு வா.