சர்வரில் ஆன்டிவைரஸ் மாற்றம்: வாசகர் கேள்வி-பதில்

கே: எங்களிடம் ஐந்து விண்டோஸ் சர்வர்கள் உள்ளன. ஆன்டிவைரஸ் லைசென்ஸ் மாதக் கடைசியில் முடிகிறது. வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறுகிறோம். முதலில் புதியதைப் போட்டுவிட்டு, பழையதை நிதானமாக நீக்கலாமா?

ப: கூடாது. இரண்டுமே ஃபைல் திறக்கும் பாதையில் தங்கள் ஃபில்டர் டிரைவரை (ஃபைல்களைக் கண்காணிக்கும் உள்நிரலை) குறுக்கே வைப்பவை. ஒன்று ஸ்கேன் செய்யத் திறக்கும் ஃபைலை மற்றொன்றும் பிடித்துப் பார்க்கும். சர்வர் திணறும், உறையும், சில நேரம் நீலத்திரையில் போய் நிற்கும். இடைவெளியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. வேலை நேரம் முடிந்தபின், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு மாற்றுங்கள். புதியதன் முழு இன்ஸ்டாலரை முன்பே சர்வரில் இறக்கி வையுங்கள்.

லைசென்ஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய மென்பொருளை நிர்வகிக்கும் கன்சோல் உயிரோடு இருக்கும்போதே அன்இன்ஸ்டால் பாஸ்வேர்டையும் விலக்குப் பட்டியலையும் (ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவை) எடுத்து வையுங்கள். கன்சோல் போய்விட்டால், டேம்பர் புரொடெக்‌ஷன் (அனுமதியின்றி நீக்க விடாத பூட்டு) போட்ட சர்வரில் நீக்குவதே பெரும்பாடு.

வழக்கமான முறையில் நீக்கி, ரீஸ்டார்ட் செய்தபின் புதியதை உடனே போட்டுவிடாதீர்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'எஃப்எல்டிஎம்சி' கட்டளையை 'ஃபில்டர்ஸ்' என்ற சொல்லோடு சேர்த்துக் (fltmc filters) கொடுங்கள். வரும் பட்டியலில் 'ஆல்டிடியூட்' (டிரைவரின் அடுக்கு வரிசை) என்ற எண்களைப் பாருங்கள்: 320000 முதல் 329999 வரை ஆன்டிவைரஸ்களுக்கு ஒதுக்கியது. 328010 என்றால் அது விண்டோஸின் சொந்த டிஃபெண்டர். பழைய மென்பொருளின் டிரைவர் பெயர் இன்னும் அங்கே இருந்தால் நீக்கம் அரைகுறைதான். அதன் தயாரிப்பாளர் தரும் நீக்கும் கருவியை ஓட்டி, மறுபடி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

முதலில் முக்கியம் குறைந்த சர்வரில் செய்து இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்கள்) இருந்தால் இரண்டையும் ஒரே இரவில் தொடவே கூடாது.

கே: மாற்றிய மறுநாள் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒன்று 'ரெக்கவரி பெண்டிங்' (மீட்பைத் தொடங்க முடியாத நிலை) என்று நிற்கிறது. டேட்டா போய்விட்டதா?

ப: பெரும்பாலும் போயிருக்காது. பதற்றத்தில் டிடாச் (டேட்டாபேஸை எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து கழற்றுவது) செய்துவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. எஸ்க்யூஎல் எரர் லாகில் ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் எண்ணைத் தேடுங்கள். 32 என்றால் ஃபைலை வேறு புராசஸ் பிடித்திருக்கிறது. சர்வீஸ் எழும் நேரத்தில் ஸ்கேனர் முந்திக்கொண்டிருக்கலாம். 2 என்றால் ஃபைல் அந்த இடத்தில் இல்லை, ஆன்டிவைரஸ் ஒதுக்கிவைக்கும் குவாரன்டைனைப் பாருங்கள்.

எம்டிஎஃப், என்டிஎஃப், எல்டிஎஃப் ஃபைல்களை (டேட்டாபேஸின் டேட்டா, லாக் ஃபைல்கள்) அவை இருக்கும் ஃபோல்டரோடு விலக்குப் பட்டியலில் சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டேட்டாபேஸ் ஆன்லைனுக்கு வந்ததும் டிபிசிசி செக்டிபி (டேட்டாபேஸ் சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட்டுங்கள். ஹைப்பர்-வி ஹோஸ்ட்டில் (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் சர்வர்) விஹெச்டிஎக்ஸ், ஏவிஹெச்டிஎக்ஸ் என்ற அவற்றின் டிஸ்க் ஃபைல்களுக்கும், டொமைன் கன்ட்ரோலரில் என்டிடிஎஸ் ஃபோல்டரில் உள்ள டேட்டாபேஸ், லாக் ஃபைல்களுக்கும் விலக்கு வேண்டும். ஆனால் வேலை சுலபம் என்று டி டிரைவ் முழுவதையும் விலக்கிவிடாதீர்கள். ரான்சம்வேருக்குக் கதவைத் திறந்து வைப்பது அதுதான்.

கே: வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும்தானே?

ப: விண்டோஸ் 10, 11-இல் ஒதுங்கும். சர்வர் 2016, 2019, 2022-இல் ஒதுங்காது. சர்வர் மேனேஜரில் 'ரிமூவ் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' வழியாக நீங்களே நீக்கி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும் புதியதைப் போட்டு, 68 எழுத்துகள் கொண்ட ஐகார் சோதனை ஃபைலை (தீங்கில்லாத போலி வைரஸ்) சேமித்துப் பாருங்கள். புதியது உடனே தடுக்க வேண்டும். முதல் முழு ஸ்கேனை மட்டும் ஒரே ஹோஸ்ட்டில் உள்ள எல்லா விஎம்களுக்கும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள், டிஸ்க் தாங்காது. ஆளுக்கு ஓர் இரவு என்று பிரித்துவிடுங்கள்.