சிவப்பு வெல்வெட்டும் பச்சைப் பட்டும் ஒரே சாம்பல் ஆவது ஏன்?

கேள்வி: கல்லூரி விழாவுக்காக, 1940களின் தமிழ்ப் படப் பாணியில் ஒரு கறுப்பு வெள்ளைக் குறும்படம் எடுக்கிறோம். கதாநாயகனுக்கு அரக்குச் சிவப்பு வெல்வெட் சட்டையும் பாட்டில் பச்சைப் பட்டு அங்கவஸ்திரமும் வாடகைக்கு எடுத்தோம். நேரில் ராஜா மாதிரி இருக்கிறான். போனில் கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிகிறது. முகத்துக்கு வெள்ளை பூசி, உதட்டைக் கறுப்பாக்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் அந்த வெள்ளைப் பூச்சை மறந்துவிடுங்கள். அது ஊமைப்பட காலத்துச் சங்கதி. அப்போதைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவந்த தோலும் உதடும் கறுத்து விழும், நீலம் வெளுத்துப்போகும். அதனால்தான் ஹாலிவுட்டில் முகத்தில் அப்பிக்கொண்டார்கள். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் 1920களின் பிற்பாதியிலேயே அங்கே பரவிவிட்டது. உங்கள் கதை நடக்கும் 1940களுக்கு அந்த ஒப்பனை பொருந்தாது. பேய்ப்படம் மாதிரி ஆகிவிடும்.

துணிக்கு வருவோம். கறுப்பு வெள்ளையில் நிறம் போய்விடும், வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிஞ்சும். அரக்குச் சிவப்பு, பாட்டில் பச்சை இரண்டுமே அடர்ந்த நிறங்கள், அதனால் ஒரே சாம்பலாகின்றன. வெல்வெட்டை வைத்துக்கொண்டு அங்கவஸ்திரத்தை மட்டும் மாற்றுங்கள். சந்தன நிறம், மாம்பழ மஞ்சள், இளம் ரோஜா எதுவானாலும் சரி, கரை மட்டும் அகலச் சரிகையாக இருக்கட்டும். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும். சரிகை திருப்பி அடிக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசை வரை தெரியவேண்டும் என்றுதான் நாடகக் கொட்டகைகளில் சரிகையும் காக்காப்பொன்னுமாக உடுத்தினார்கள். புராணப் படங்களுக்கு உடை அந்த மேடையிலிருந்து வந்ததுதான்.

வேட்டி தும்பைப்பூ வெள்ளையாக இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போகும். டிகாஷன் போல வடித்த தேநீரில் ஒரு முறை முக்கி, நிழலில் காயப்போட்டால் போதும். பாதி நேரம் வாடகைத் துணியாகத்தான் இருக்கும். அதை முக்கிவிடாதீர்கள், சொந்த வேட்டியில் செய்யுங்கள்.

பலர் கோட்டைவிடுவது நெற்றியில். மாநிறத் தோலில் குங்குமம் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய மறைந்துபோகும். கதாநாயகிக்குக் கறுப்புச் சாந்துப் பொட்டு வையுங்கள். விபூதிக்கு இந்தத் தொல்லையே இல்லை, பளிச்சென்று நிற்கும்.

தலைமுடிக்கு எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பாருங்கள். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஊரெல்லாம் இளவட்டங்கள் பாகவதர் கிராப்போடு திரிந்த காலம். நெற்றியிலிருந்து பின்னுக்கு வாரி, பிடரியில் சுருண்டு விழவேண்டும். காதில் கடுக்கன். மீசை வேண்டாம். விக் வைத்தால் நெற்றி விளிம்பு காட்டிக்கொடுக்கும், அங்கே பையனின் சொந்த முடியில் நாலு இழையை வெளியே எடுத்து விக்கின் மேல் வாரிவிடுங்கள்.

அப்புறம், பழைய படங்களுக்கு இன்று வண்ணம் பூசிப் பரப்புகிறார்களே, அதைப் பார்த்துத் துணி எடுக்காதீர்கள். அந்த நிறங்கள் பூசியவருடைய ஊகம். கடைக்குப் போகும்போதே போன் கேமராவை மோனோவில், அதாவது கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டு, இரண்டு துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.