அறுவைக்குப் பின் கதிர்வீச்சு: எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

கேள்வி: 58 வயதான என் அம்மாவுக்கு இடது மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை மட்டும் அகற்றி மூன்று வாரங்கள் ஆகின்றன. கீமோதெரபி வேண்டாம், கதிர்வீச்சு போதும் என்று டாக்டர் கூறிவிட்டார். அதை அறுவைக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்கிறார் அத்தை. அம்மாவோ, நான்கு மாதம் கழித்து வரும் சித்திரைப் பருவக் காவடியை நிறைவேற்றிய பிறகே போவேன் என்கிறார். காத்திருக்கலாமா?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: காத்திருக்க வேண்டாம். கீமோதெரபி இல்லாதபோது, அறுவை முடிந்து நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவதே வழக்கம். பன்னிரண்டு வாரங்களைத் தாண்டவிடுவதை மருத்துவர்கள் விரும்புவதில்லை. காவடிவரை பொறுத்தால் ஏறத்தாழ இருபது வாரங்கள் ஆகிவிடும். கட்டியை எடுத்த பின்பும் கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் மார்பில் தங்கியிருக்கக்கூடும். மார்பைக் காத்து அறுவை செய்துகொண்ட 10,801 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கதிர்வீச்சு பெறாதவர்களிடம் 35 விழுக்காடாகவும் பெற்றவர்களிடம் 19 விழுக்காடாகவும் இருந்தது.

அத்தையின் யோசனை பொதுவான நடைமுறை அன்று. கட்டியைச் சுருக்க வேண்டியிருந்தால் முதலில் மருந்தையே கொடுப்பார்கள். அறுவையால் அகற்ற இயலாத சில கட்டிகளுக்கு மட்டுமே கதிர்வீச்சு முந்தும். கதிர்பட்ட திசுவில் அறுவைக் காயம் ஆறுவது கடினம் என்பது ஒரு காரணம். அகற்றிய கட்டியின் விளிம்பையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் பரிசோதித்த பிறகே எந்த இடத்திற்கு எவ்வளவு கதிர் வேண்டும் என்று தீர்மானிக்க முடியும் என்பது இன்னொன்று.

அரசு மருத்துவமனைகளில் வரிசை நீளம் என்பது நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எவரும் அறிந்ததே. 2017-இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஆகவே கிடைத்த தேதியை விட்டுக்கொடுக்காதீர்கள். சிகிச்சையின்போது கையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி அசையாமல் படுக்க வேண்டும் என்பதால், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தோள்பட்டைப் பயிற்சியை அம்மா இப்போதே செய்துவரட்டும். இடது மார்பு என்பதால், இதயத்தில் கதிர் படாதிருக்க மூச்சை அடக்கச் சொல்லவும் கூடும்.

பல இடங்களில் சிகிச்சை மூன்று வாரங்களில், 15 அமர்வுகளில் முடிந்துவிடும். அதன் பின் ஓரிரு வாரங்கள் தோலின் சிவப்பும் எரிச்சலும் கூடிப் பிறகு தணியும். அதுவரை அவ்விடத்தில் மஞ்சளோ சந்தனமோ பூச வேண்டாம். உரிய காலத்தில் தொடங்கினால் சித்திரைக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும், நேர்த்திக்கடனும் தடைபடாது. அக்குள் முடிச்சுகளை எடுத்திருந்தால் கை வீங்கும் அபாயம் உண்டு. அந்தப் பக்கம் அலகு குத்திக்கொள்ளவே கூடாது. காவடியின் எடையைத் தாங்கலாமா என்பதை மட்டும் அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.