முதியோர் குடியிருப்பு: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை (கேள்வி பதில்)

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. அம்மா அப்பாவுக்காக அங்கே இடம் பார்க்கும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. வேறு ஊரில் பார்க்கிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

அம்மாவுக்கு 74 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். முதல் தடவை போகும்போது எதைப் பார்க்கணும் சார்? (மகன், பெங்களூரு)

போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இந்த ஆறில் எதையெல்லாம் அம்மா துணையில்லாமல் செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆறும் தானே செய்தால் தனி வீடு போன்ற குடியிருப்பு போதும். ஒன்றிரண்டுக்குக் கை கொடுக்க வேண்டுமென்றால் ஆயா உதவியோடு கூடிய பிரிவு வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ ஆனால் இரவும் பகலும் நர்ஸ் இருக்கிற இடம்தான் சரி.

அங்கே போனதும் நடைபாதை, கோயில், நூலகம் எல்லாம் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: "அம்மாவால் நடக்க முடியாமல் போனால் இதே வளாகத்தில் எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? அந்த அறையை இப்போது காட்டுங்கள்." "அப்போது பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று பதில் வந்தால், அப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை சொல்லாமல் போங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல். மேலாளர் இல்லாத நேரத்தில் இடம் எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அங்கே இருக்கிற பெரியவர்களின் கை நகங்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருந்தால், முகம் மழித்திருந்தால், யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். தாழ்வாரத்தில் சிறுநீர் வாடை வந்தால் டயாப்பர் மாற்ற ஆள் பற்றவில்லை.

ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேட்டால் "போதுமான ஆட்கள்" என்கிறார்கள். எத்தனை இருந்தால் போதும் அண்ணா?

எண்ணிக்கையை வாயால் கேட்காதீர்கள். போன வாரத்து டூட்டி பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இரவு 8 முதல் காலை 8 வரை யார் யார் பெயர் இருக்கிறது, அதில் வாட்ச்மேன் எத்தனை, ஆயா எத்தனை, நர்ஸ் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். மூவரையும் சேர்த்து "ஊழியர்" என்று கணக்குச் சொல்வது வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படுக்கையிலேயே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். புரட்டி, டயாப்பர் பார்த்து, விரிப்பை நேராக்க 10 நிமிடம். அப்படி 6 பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1 மணி நேரம். அதாவது ஓர் ஆயாவின் இரவில் பாதி இதற்கே போய்விடும். கனமானவரைத் தூக்க இருவர் வேண்டும். அந்த நேரத்தில் வேறு அறையில் மணி அடித்தால் யார் போவது? இதற்கு அவர்கள் சொல்லும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள். இப்போது படுக்கைப் புண் உள்ளவர்கள் எத்தனை பேர், அதில் இங்கே வந்த பிறகு வந்தது எத்தனை என்றும் கேளுங்கள்.

"நர்ஸ்" என்று சொன்னால் ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) படித்தவரா, ஜி.என்.எம். (நர்ஸ் டிப்ளமோ), பி.எஸ்ஸி. (நர்ஸ் பட்டம்) படித்தவரா, தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்பது முக்கியம். இன்சுலின் ஊசியும் கதீட்டரும் (சிறுநீர்க் குழாய்) மூக்குக் குழாய் உணவும் பயிற்சி இல்லாத ஆயா கையில் போகக்கூடாது.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. அது போதுமா?

போதாது. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள்.

கதவைத் திறந்து, நிலைக்கு நிலை நடந்து போக உண்மையில் கிடைக்கும் அகலத்தை அளக்க வேண்டும், 900 மி.மீ. இருப்பது நல்லது. சாதாரண இரண்டரை அடிக் குளியலறைக் கதவில் நிலையும் கதவுப் பலகையும் போக மிஞ்சுவது பல வீல்சேருக்கு இடிக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளு கதவாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

கம்பியைப் பிடித்து உங்கள் முழு எடையையும் கொடுத்துத் தொங்குங்கள். அசைந்தால் வேண்டாம். ரப்பர் உறிஞ்சியில் ஒட்டியது எதற்கும் ஆகாது. எடை குறைந்த கல் சுவரில் சாதாரண ஸ்க்ரூ நாளடைவில் தளர்ந்துவிடும், எப்படிப் பொருத்தினார்கள் என்று கேளுங்கள்.

அவசர மணியின் பட்டன் சுவரில் இடுப்பு உயரத்தில் மட்டும் இருந்தால் விழுந்தவருக்கு எட்டாது. தரைக்கு ஒரு சாண் மேல் வரை கயிறு தொங்க வேண்டும். இழுத்துப் பாருங்கள், கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஆள் வந்து கதவைத் தட்ட 3 நிமிடத்துக்கு மேல் பகலிலேயே ஆனால் ராத்திரி என்ன ஆகும்?

சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும். 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஆயாவால் வீல்சேரைத் தள்ளி ஏற்ற முடியாது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நேராகப் படுக்கை வாக்கில் நுழையுமா என்றும் பாருங்கள்.

வாங்குவதா, டெபாசிட் கட்டித் தங்குவதா, மாத வாடகையா? குழப்பமாக இருக்கிறது ஐயா. (மகள், திருச்சி)

அம்மா இன்னும் ஒரு வருஷம் கூட அங்கே தங்கிப் பார்க்காத நிலையில் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வாங்கினால் வீடு உங்களுடையது, ஆனால் சாப்பாடும் ஆயாவும் தருவது வேறொரு நிறுவனம். கட்டியவர், நடத்துபவர், உரிமையாளர் சங்கம் என்று மூன்று தரப்பு. நடத்தும் நிறுவனம் விலகினால் உங்கள் கையில் இருப்பது மலையடிவாரத்தில் ஒரு ஃபிளாட் மட்டும். சேவை ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, நிறுவனத்தை மாற்றும் அதிகாரம் சங்கத்துக்கு உண்டா, பராமரிப்புக்காக வசூலித்த வைப்பு நிதி யார் பெயரில் வங்கியில் இருக்கிறது ஆகிய மூன்றையும் எழுத்தில் பாருங்கள். புதிய திட்டமென்றால் தமிழ்நாடு ரேரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) தளத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள். 2016 ரேரா சட்டப்படி, ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிய வந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பின்னால் நீங்கள் அந்த வீட்டை அடைந்தாலும், 55 வயதுக்குக் கீழ் குடியிருக்கக்கூடாது என்ற விதி இருந்தால், அந்த வயது ஆகாத நீங்கள் அங்கே குடியிருக்க முடியாது. விற்கும் வரை பராமரிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

டெபாசிட் முறையில் ஆபத்து ஒரே வரியில் ஒளிந்திருக்கும்: "அந்த வீட்டுக்கு அடுத்தவர் வந்த பிறகு தொகை திருப்பித் தரப்படும்." அடுத்தவர் எப்போது வருவார்? "காலி செய்த 90 நாளுக்குள், அடுத்தவர் வந்தாலும் வராவிட்டாலும்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் பெரிய தொகை கட்டாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஈடு எதுவும் கிடையாது, நிறுவனம் நொடித்தால் நீங்களும் கடன் கொடுத்தவர்கள் வரிசையில்தான் நிற்பீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையென்றால் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

மாதம் 28,000 என்கிறார்கள். அதற்கு மேல் என்ன வரும்?

வருஷத்துக்கு 8% ஏற்றம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 10 வருஷத்தில் அதே 28,000 ரூபாய் 60,000-த்தைத் தாண்டும். ஏற்றத்துக்கு உச்சவரம்பு இல்லையென்றால் இன்னும் மோசம். தனி ஆயா, டயாப்பர், மருந்து, மின்சாரம், விருந்தாளிச் சாப்பாடு, ஜி.எஸ்.டி. எல்லாம் தனியா என்று கேட்டு, தற்போது உதவிப் பிரிவில் இருக்கும் ஒருவரின் போன மாத பில்லை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். தம்பதியில் ஒருவர் காலமானால் கட்டணம் எவ்வளவு குறையும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்கிறார்களே?

கிளினிக் வேறு, ஆஸ்பத்திரி வேறு. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எனவே இரவிலும் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எது என்று கேளுங்கள். கோவையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் பல அவினாசி சாலைப் பக்கம் இருக்கின்றன. தொண்டாமுத்தூரிலிருந்து வடவள்ளி, லாலி ரோடு வழியாக ஊரைக் கடந்து போக வேண்டும். மாலை 6 மணிக்கு வாசலிலிருந்து நீங்களே காரில் போய் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் நிற்கும், டிரைவர் ராத்திரி வீட்டுக்குப் போயிருப்பார். டிரைவர் எங்கே படுக்கிறார் என்பதுதான் கேள்வி.

நீங்கள் வந்து சேரும் வரை ஆஸ்பத்திரியில் யார் உடன் இருப்பார், அட்மிஷன் முன்பணத்தை யார் கட்டுவார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, ராத்திரி இன்சுலின். சாப்பாடு எப்படிப் பார்ப்பது?

ருசியைவிட நேரம் முக்கியம். சில இடங்களில் சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டுமென்று 6:30-க்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். காலை டிபன் 8 மணி. இடையில் பதின்மூன்றரை மணி நேரம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கும், வியர்த்து, குழம்பி, எழுந்து நடந்து விழுவார். படுக்கும் முன் பாலோ சுண்டலோ தருவார்களா, ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் யார் கவனிப்பார் என்று கேளுங்கள். பல் இல்லாதவருக்குக் குழைவாக, உப்புக் குறைத்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் என்று தனியாகச் செய்வார்களா என்பதை ஒரு வேளை சாப்பிட்டே பாருங்கள்.

அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பம். அம்மா திடமாக இருக்கிறார். இருவரையும் ஒரே வீட்டில் வைக்க முடியுமா சார்? (இளைய மகள், சிங்கப்பூர்)

ஆரம்பத்தில் முடியும், முடிந்தவரை அப்படியே வையுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் "மற்றவர்களுக்கு இடையூறாக இருந்தால் 30 நாளில் காலி செய்ய வேண்டும்" என்பதுபோல ஒரு விதி இருக்கும். மறதி நோயில் சாயங்காலமானால் பதற்றம், கதவைத் திறந்துகொண்டு போவது, கத்துவது எல்லாம் வரக்கூடியவை. அந்த விதி உங்கள் அப்பா மீதுதான் பாயும். மறதி நோய்க்கென்று தனிப் பிரிவு அதே வளாகத்தில் இருந்தால், அம்மா தினமும் நடந்துபோய்ப் பார்க்கலாம்.

அந்தப் பிரிவைப் பிற்பகல் 4 மணிக்குப் பாருங்கள். எல்லாரும் நாற்காலியில் தூங்கி வழிந்தால் தூக்க மாத்திரை யார் சொல்லி, எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். யாரையாவது துணியால் நாற்காலியோடு கட்டியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

உங்களுக்கு இன்னொன்று அவசரம். அப்பா கொடுக்கும் பவர் பத்திரம், அவர் சித்த சுவாதீனம் இழந்தால் செல்லாமல் போகும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "பவர் வாங்கிவிட்டோம்" என்று நிம்மதியாக இருக்கிற பல வீடுகள் சிக்குவது இங்கேதான். வீட்டை விற்க வேண்டுமானால் இப்போதே, அவருக்குப் புரியும்போதே, அவர் விருப்பத்தோடு செய்யுங்கள். வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கும்படி மாற்றுங்கள். வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதித் தருவதாக இருந்தால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

மலையடிவாரத்தில் யானை வருமா?

தொண்டாமுத்தூர் பக்கம் வரும். வேலி, விளக்கு, விடியற்கால நடைக்கு விதி என்ன என்று கேளுங்கள். அந்தக் கிராமம் ஹாகா (மலைப் பகுதி பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருந்தால் கட்டடத்துக்கு அந்த அனுமதியும் வேண்டும், பார்த்து வாங்குங்கள். கோடையில் தண்ணீர் குழாயிலா லாரியிலா என்பதை அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள், அலுவலகத்தில் அல்ல.

அம்மா "என்னை ஹோமில் தள்ளப் பார்க்கிறீங்களா" என்கிறார். என்ன செய்வது ஐயா?

வற்புறுத்தாதீர்கள். கும்பகோணமோ மதுரையோ, அவர் வீட்டைப் பூட்டி மட்டும் வையுங்கள், விற்காதீர்கள். விருந்தினர் அறையில் 3 வாரம் தங்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் 3 நாள் நீங்களும் இருங்கள், பிறகு கிளம்புங்கள். போகும் முன் எடை பார்த்து எழுதுங்கள், முடிவில் மறுபடி பாருங்கள். 2 கிலோ குறைந்திருந்தால் சாப்பாடு இறங்கவில்லை, அல்லது மனம் ஒட்டவில்லை. தினமும் போனில் "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு யாரோட உட்கார்ந்து சாப்பிட்டீங்க" என்று கேளுங்கள். மூன்றாவது வாரத்திலும் ஒரு பெயர்கூட வரவில்லையென்றால் அந்த இடம் அவருக்கு வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.